கடைசிப் படி

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் மலையைப் பார்க்கப் போவார்கள், அல்லது மலையைச் சுற்றப் போவார்கள். சென்ற மாதம் நான் போனது ஒரு கிணற்றைப் பார்ப்பதற்காக.

வேங்கிக்கால் திருவண்ணாமலையை ஒட்டிய ஊர். 1989-ம் ஆண்டு வட ஆர்க்காடு ஜில்லாவைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி ஜில்லாவாக்கினார்கள். கலெக்டர் ஆபீஸ் வந்து அமர்ந்த இடம் வேங்கிக்கால். ஆபீஸ் வந்தால் பின்னாலேயே குமாஸ்தாக்கள் வருவார்கள்; குமாஸ்தாக்களுக்கு வீடு வேண்டும்; வீட்டுக்கு மனை வேண்டும். வயல் மனையாவதற்குப் பஞ்சாங்கம் பார்க்கிற வழக்கம் நம் ஊரில் கிடையாது. ஊர்ப் பெயரில் இருக்கும் 'கால்' வாய்க்காலில் இருக்கும் கால்தான் என்று அங்கே உள்ள என் நண்பர் சொல்வார். அவர் தமிழ் வாத்தியார். வார்த்தைகளைப் பற்றி அவர் சொன்னால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை.

அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பெயர் வேண்டாம், வாத்தியார் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கும் அவருடைய சொந்தத் தம்பிக்கும் அந்தக் கிணற்றின் பேரில் இருபத்தொரு வருஷமாக வியாஜ்யம். முன்சீப் கோர்ட்டில் வாத்தியாருக்கு ஜயம். அப்பீலில் தம்பிக்கு ஜயம். சென்னை ஹைகோர்ட்டில் வாத்தியார் போட்ட இரண்டாவது அப்பீல் தள்ளுபடியாகி அன்றோடு நாற்பத்தொன்பது நாள். சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தொண்ணூறு நாளுக்குள் போக வேண்டும். "டில்லிக்குப் போகலாமா, வேண்டாமா? நேரிலே வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று எனக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் இதைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? போனதுமே அதைத்தான் சொன்னேன்.

"சட்டம் சொல்ல எனக்கு வக்கீல் இருக்கார், சார். நீங்க நியாயம் சொல்லுங்க" என்றார் வாத்தியார்.

வழக்கின் கதை இது. அவருடைய தகப்பனார் 1974-ம் வருஷம், உடம்பு தளர்ந்த காலத்தில், இரண்டு பிள்ளைகளையும் நாலு பெரிய மனிதர்களையும் திண்ணையில் உட்காரவைத்து, கணக்குப் பிள்ளையை எழுதச் சொல்லி ஒரு கூர்ச்சீட்டுப் போட்டார். மூத்தவருக்கு மேட்டு நிலம். கிணற்றில் நாலு நாளில் மூன்று நாள் முறை. இளையவருக்கு ஏரிப் பாய்ச்சல் நஞ்சை. கிணற்றில் நாலாவது நாள் மட்டும். மேட்டு நிலத்துக்குக் கிணற்றை விட்டால் கதியில்லை, நஞ்சைக்கு ஏரி இருக்கிறது என்பது பெரியவருடைய கணக்கு. நல்ல கணக்குத்தான். பிள்ளைகள் கையெழுத்துப் போட்டார்கள், சாட்சிகள் போட்டார்கள். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு மட்டும் யாரும் போகவில்லை. அண்ணன் தம்பிக்குள் ஸ்டாம்பு எதற்கு?

முப்பது வருஷம் அப்படியே நடந்தது. பிறகு தம்பி தமக்குக் கிணற்றில் சரிபாதி உண்டென்று பிராது கொடுத்தார். வாத்தியார் பெட்டியைத் திறந்து கூர்ச்சீட்டை எடுத்துக் கோர்ட்டில் போட்டார்.

இனி வருவதைத் தமிழ் படித்தவர்கள் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். சொத்தைப் பிரிக்கிற பத்திரமே அந்தக் காகிதம்தான் என்றால், அதை ரிஜிஸ்தர் செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் கோர்ட்டு அதைச் சாட்சியமாகப் பார்க்கக் கூடாது. ஆனால் வாய்ப்பேச்சாக ஏற்கெனவே பிரித்துக்கொண்டதைப் பின்னால் ஞாபகத்துக்காக எழுதிவைத்தது என்றால், ரிஜிஸ்தர் வேண்டியதில்லை, பார்க்கலாம். இது நெடுங்காலமாக இருந்துவரும் சட்டம். எனவே வழக்கு முழுவதும் ஒரே ஒரு கேள்வியில் வந்து நின்றது. அந்தக் காகிதம் நடந்ததைச் சொல்கிறதா, நடக்கப்போவதைச் சொல்கிறதா?

கணக்குப் பிள்ளை எழுதியிருந்தது: 'பாகம் பிரித்துக்கொண்டு, இன்று முதல் அவரவர் பாகத்தை அவரவர் அனுபவித்து வரவேண்டியது.'

"பிரித்துக்கொண்டு, சார். இறந்தகால வினையெச்சம். முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கேன். அதைவிடத் தெளிவா இலக்கணத்திலே என்ன இருக்கு?" என்றார் வாத்தியார். முன்சீப்பும் அப்படியே எண்ணினார். அப்பீல் ஜட்ஜுக்கோ 'இன்று முதல்' என்ற இரண்டு வார்த்தைகள் கண்ணில் பட்டுவிட்டன. இன்று முதல்தான் பாகம் என்றால் இந்தக் காகிதமே பாகத்தை உண்டாக்குகிறது, ரிஜிஸ்தர் இல்லை, ஆகவே இதை நான் பார்க்கமாட்டேன் என்று எடுத்து ஒதுக்கினார். காகிதத்தை ஒதுக்கினால் மிஞ்சுவது இரண்டு பிள்ளைகளும் ஒரு கிணறும். ஆளுக்குப் பாதி. இரண்டாவது அப்பீலில் ஹைகோர்ட்டு சாட்சிகளை மறுபடி எடைபோடுவதில்லை. கனமான சட்டப் பிரச்னை உண்டா என்று மட்டும் பார்க்கும். பார்த்தது, அப்பீல் கோர்ட்டு சொன்னதே சரி என்றது.

ஒரு வினையெச்சத்துக்கும் ஒரு 'முதலு'க்கும் நடந்த இருபத்தொரு வருஷ யுத்தம். நாவல்களில் நான் இதைவிட அலட்சியமாக வாக்கியங்களை எழுதியிருக்கிறேன்.

வாத்தியார் காபி வரவழைத்தார். பிறகு திடீரென்று, "உங்க பேரன் அமெரிக்காவிலே இருக்கானே, அந்த ஊர்லே ஒரு கிணத்துத் தகராறு எதுவரைக்கும் போகும்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. எனக்குப் படித்துத் தெரிந்ததைச் சொன்னேன். நம் நாட்டில் கோர்ட்டுக்கு ஏணி ஒன்று, அங்கே இரண்டு. ஐம்பது ராஜ்யங்கள், ஒவ்வொன்றுக்கும் சொந்தமாகக் கீழ்க்கோர்ட்டு, தலைக்கோர்ட்டு, பெரும்பாலானவற்றில் இடையே ஒரு மேல்கோர்ட்டு. அதற்கு அடுத்தாற்போல், அதன் மேல் சாயாமல், மத்திய சர்க்காரின் ஏணி தனியாக நிற்கிறது: 94 ஜில்லா கோர்ட்டுகள், 13 அப்பீல் கோர்ட்டுகள், உச்சியில் வாஷிங்டனில் ஒன்பது பேர். ஜனாதிபதி நியமித்து, செனட் சபை ஒப்புக்கொண்டால், மத்திய ஏணியில் உள்ள இந்த ஜட்ஜுகள் நன்னடத்தை உள்ளவரை, அதாவது ஆயுள் உள்ளவரை, இருக்கலாம். நம்முடைய சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிக்கு அறுபத்தைந்து வயதானால் மாலை போட்டு அனுப்பிவிடுகிறோம். அங்கே எண்பது கடந்தவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நீதிபதி எப்போது கண்ணை மூடுவார் என்று ஒரு தேசமே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது நாகரிகமான காட்சியாக எனக்குப் படவில்லை. ஆனால் அது வேறு விஷயம்.

அந்த ஊரில் அண்ணன் தம்பி கிணற்றுச் சண்டை ராஜ்யத்தின் ஏணியில் ஏறும். ராஜ்யத்தின் தலைக்கோர்ட்டோடு முடிந்துவிடும். மத்திய சட்டமோ அரசியல் சாசனமோ அதில் சம்பந்தப்பட்டாலொழிய வாஷிங்டன் அதில் கை வைக்காது. சம்பந்தப்பட்டாலும் சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது. ஒன்பது பேரில் நாலு பேராவது 'இதைக் கேட்கலாம்' என்று சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான மனுக்கள் வருகின்றன. வாதம் கேட்பது ஏறக்குறைய 60. மற்றவற்றுக்கு ஒரு வரியில் 'முடியாது'. காரணம் சொல்வதும் அபூர்வம்.

"கல் நெஞ்சுக்காரங்க" என்றார் வாத்தியார்.

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. நம் சாசனத்தை எழுதியவர்கள் வேறு வழி எடுத்தார்கள். முன்சீப் கோர்ட்டே மத்திய சட்டத்தையும் பார்க்கிறது, மாகாணச் சட்டத்தையும் பார்க்கிறது. அங்கிருந்து ஒரே மாடிப்படி நேரே டில்லிக்குப் போகிறது. சாசனத்தின் 136-வது விதி, இராணுவக் கோர்ட்டுகள் போக மற்ற எந்தக் கோர்ட்டின் எந்தத் தீர்ப்பின் மேலும் சுப்ரீம் கோர்ட்டு விசேஷ அனுமதி கொடுத்து அப்பீல் கேட்கலாம் என்கிறது. 1950-ல் எட்டு நீதிபதி ஸ்தானங்களோடு ஆரம்பித்த கோர்ட்டுக்கு இன்று 34 ஸ்தானங்கள். அமெரிக்காவில் ஒன்பது பேரும் ஒன்றாக உட்காருகிறார்கள். நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டிரண்டு பேராக அறை அறையாக உட்கார்ந்து நாள் முழுதும் மனுக்களைக் கேட்கிறார்கள். நம் நாட்டில் எந்தக் கிணற்றின் மேட்டிலிருந்து எட்டிப் பார்த்தாலும் டில்லி தெரியும்.

தெரிவதென்னவோ தெரிகிறது. வேங்கிக்காலிலிருந்து டில்லி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அங்கே பேசுகிற பாஷை, வாங்குகிற பீஸ், தங்குகிற அறை எல்லாம் சேர்த்தால் கிணற்றைப் போல் இரண்டு கிணறு வெட்டலாம். போய்ச் சேர்ந்த பிறகு 'அனுமதி இல்லை' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு திரும்புகிறவர்களே அதிகம். கதவைச் சாத்திவைத்துவிட்டு 'இது உனக்கில்லை' என்று சொல்வது கொடுமையா? திறந்துவைத்துவிட்டு, வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்புவது கொடுமையா? எனக்கு இரண்டாவதுதான் கொடுமையாகத் தோன்றுகிறது. சாத்திய கதவை ஒரு மனிதன் மறந்துவிடுவான். திறந்த கதவு அவனைத் தூங்கவிடாது. இருபத்தொரு வருஷம் விடவில்லை என்பதற்கு என் எதிரே உட்கார்ந்திருந்தவரே சாட்சி.

அப்படியானால் உச்சக் கோர்ட்டு எதற்காகத்தான் இருக்கிறது? இதற்குப் பதில் அந்தக் கிணற்றுக்குள்ளேயே இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தவரும் வாத்தியார்தான்.

கிணறு வெட்டியது 1931-ல். வெட்டுவதற்கு அவருடைய தகப்பனார் பிராமிசரி நோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினார். உலகம் முழுதும் விலை வீழ்ந்துகிடந்த காலம். நெல் விலையும் வேர்க்கடலை விலையும் விழுந்தன. வட்டி மட்டும் விழவில்லை. கடன்காரர் டிக்ரி வாங்கிவிட்டார். நிலமும் கிணறும் ஏலத்துக்கு வரவேண்டிய சமயத்தில், ராஜாஜி மந்திரிசபை 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நின்றுபோன வட்டி அவ்வளவும் தள்ளுபடி. அசலைப்போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. கிணறு பிழைத்தது.

பிழைத்ததா என்பது உடனே தெரியவில்லை. பிராமிசரி நோட்டு மத்திய சர்க்காரின் அதிகாரத்தில் உள்ள விஷயம். மாகாணச் சட்டசபை அதில் எப்படிக் கை வைக்கலாம் என்று கடன் கொடுத்தவர்கள் கேட்டார்கள். சட்டப்படி பலமான கேள்வி. இதைத் தீர்க்க அப்போது டில்லியில் ஒரு புதுக் கோர்ட்டு இருந்தது. 1935-ம் வருஷச் சட்டத்தின்படி ஏற்பட்ட பெடரல் கோர்ட்டு. அது வேலையைத் தொடங்கிய தேதியும் 1937 அக்டோபர் 1 தான்! கதையில் நான் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் அடித்துவிடுவார். மாரிஸ் குவையர் தலைமையில், சுலைமான், ஜெயகர் என்று ஆக மூன்றே நீதிபதிகள் ஆரம்பித்த கோர்ட்டு அது. மாகாணத்தின் அதிகாரம் எது, மத்திய சர்க்காரின் அதிகாரம் எது என்று வரப்புக் கல் நடுவதுதான் அதன் பிரதான வேலை. அதற்கும் மேலே லண்டனில் பிரிவி கவுன்சில் இருந்தது. அந்த மேல்படியை நாம் கழற்றியது 1949-ல்.

இந்தக் கடன் வழக்கு பெடரல் கோர்ட்டுக்குப் போனபோது அதன் பெயர் சுப்பிரமணியன் செட்டியார் எதிர் முத்துசாமிக் கவுண்டன். குவையர் சொன்னதைச் சுருக்கிச் சொன்னால், ஒரு சட்டம் எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்பதை அதன் உடம்பைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அதன் கைவிரல் பக்கத்து வயலில் பட்டுவிட்டது என்பதற்காகச் சட்டத்தையே வெட்டிப் போட முடியாது. தவிரவும், நோட்டு டிக்ரியாகிவிட்ட பிறகு அது நோட்டே அல்ல. சட்டம் நின்றது. வாத்தியாரின் தகப்பனாருக்கு முத்துசாமிக் கவுண்டர் யார் என்று தெரியாது. அவர் டில்லிக்குப் போகவில்லை, ஒரு தம்பிடி செலவழிக்கவில்லை. யாரோ இருவர் போய்ச் சண்டையிட்டதில் மாகாணம் முழுவதும் எத்தனையோ கிணறுகளின் தலையெழுத்து தீர்மானமாயிற்று.

"பார்த்தீர்களா ஐயா, இதுதான் அந்த உயரத்தில் நடக்கிற வேலை. உங்களுக்கு நியாயம் செய்ய மூன்று கோர்ட்டுகள் இருந்தன. அதற்கு மேலே உள்ளது சட்டத்துக்கு நியாயம் செய்கிற இடம். உங்கள் கிணற்றில் ஊருக்கெல்லாம் பொதுவான கேள்வி ஒன்று இருந்தால் போகலாம். வினையெச்சத்துக்காகப் போகலாமா?" என்றேன்.

பேசி முடித்ததும் எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது. வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை.

"தண்ணிக்காகப் போறதா நினைச்சுட்டீங்களா? எனக்கு இன்னும் எத்தனை வருஷம் பயிர்? எங்கப்பா எழுதிவச்ச காகிதத்தை இல்லேன்னு சொல்லிட்டாங்க, சார். கண்ணெதிரே இருக்கு, அவர் கைநாட்டு இருக்கு. அதை இல்லேன்னு சொல்லித்தானே முடிஞ்சிருக்கு? அது அப்படியே கடைசித் தீர்ப்பா நின்னா, எங்கப்பா சொன்னது பொய்யின்னு ஆகாதா?"

இதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. வழக்கில் தோற்றவர்களின் துக்கத்தை நாம் எல்லோரும் பணக் கணக்கில்தான் எடைபோடுகிறோம். தோற்றவனை அரிப்பது பெரும்பாலும் பணமல்ல. ஒரு ராஜ்யமே எழுந்து நின்று, முத்திரை குத்தி, 'நீ சொன்னது உண்மையில்லை' என்று சொல்லிவிட்டதாக அவன் நினைக்கிறான்.

ஆனால் ராஜ்யம் அப்படியா சொல்கிறது? அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டில் இருந்த ராபர்ட் ஜாக்சன் என்ற நீதிபதி 1953-ல் ஒரு தீர்ப்பில் மனம் திறந்து ஒப்புக்கொண்டார்: தாங்கள் தவறே செய்யாதவர்கள் என்பதால் கடைசி ஸ்தானத்தில் இருக்கவில்லை; கடைசி ஸ்தானத்தில் இருப்பதால்தான் தவறே செய்யாதவர்களாகிவிட்டார்கள் என்கிற பொருளில். தங்களுக்கு மேலே இன்னொரு கோர்ட்டு இருந்தால் தங்கள் தீர்ப்புகளிலும் ஒரு பங்கு தலைகீழாகும் என்றார். நூரம்பர்க்கில் நாஜித் தலைவர்களின் மேல் குற்றம் சாட்டிப் பேசிய மனிதர் அவர். கோர்ட்டுகளின் சக்தியையும் அசக்தியையும் கண்டவர்.

அதாவது, கடைசித் தீர்ப்பு என்பது 'இதுதான் உண்மை' என்ற பிரகடனமல்ல. 'இத்தோடு நிறுத்திக்கொள்வோம்' என்கிற ஏற்பாடு. மனிதர்கள் சேர்ந்து வாழவேண்டுமானால் எங்கேயாவது நிறுத்தித்தான் ஆகவேண்டும். அந்த இடம் உண்மை குடியிருக்கிற இடமாகவும் இருக்கவேண்டுமென்று ஆசைப்படலாம், எதிர்பார்க்கக் கூடாது.

வாத்தியார் மலையைக் காட்டினார். "அங்கே மட்டும் அப்படி இல்லையே" என்றார். நியாயமான ஆட்சேபம்தான். அண்ணாமலையின் ஸ்தல புராணமே ஒரு வழக்கு. பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவர் என்று வியாஜ்யம். அடியும் முடியும் தெரியாத அக்கினித் தூணே கோர்ட்டு. ஒருவர் பன்றியாகித் தோண்டிப் போய், காணவில்லை என்று உள்ளதைச் சொன்னார். மற்றவர் அன்னமாகிப் பறந்து, தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்துவந்தார். தீர்ப்பு உடனே: பிரம்மாவுக்குக் கோயில் இல்லை, தாழம்பூவுக்குப் பூஜையில் இடமில்லை. அந்தக் கோர்ட்டில் தீர்ப்பும் உண்மையும் ஒன்றாக இருக்க முடிந்ததற்குக் காரணம், வழக்கிலே தேடப்பட்ட பொருளே நீதிபதியாக இருந்ததுதான். நம்முடைய நீதிபதிகளோ, பாவம், நம்மைப்போல் காகிதங்களைப் புரட்டித் தேடுகிறவர்கள்.

அவர்கள் தேடித் தவறிய கதைகள் நம்மிடமே உண்டு. சுப்ரீம் கோர்ட்டு பிறந்த 1950-ம் வருஷமே, தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே. கோபாலன் தம்மை விடுவிக்கும்படி கேட்டார். எதிர்க்கட்சி, சென்னை ராஜ்யம். ஆறு நீதிபதிகள் கேட்டார்கள். பதஞ்சலி சாஸ்திரி உள்படப் பெரும்பான்மையோர், சட்டசபை இயற்றிய சட்டத்தின்படி பிடித்திருந்தால் போதும். அந்தச் சட்டம் நியாயமானதா என்று கேட்க இடமில்லை என்கிற விதமாகத் தீர்ப்பளித்தார்கள். பஸல் அலி ஒப்பவில்லை. ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பறிக்கிற முறை நியாயமான முறையாகவும் இருக்கவேண்டும் என்று தனியே எழுதிவைத்தார். கோபாலனுக்கு அதனால் பயன் ஒன்றுமில்லை. ஆனால் 1970-லும் 1978-லும் அதே கோர்ட்டு திரும்பிவந்து பஸல் அலி நின்ற இடத்தில் நின்றது.

1976 ஏப்ரல் 28 இன்னும் இருண்ட நாள். அவசர நிலை. விசாரணையின்றிச் சிறையில் போடப்பட்டவர்கள் கோர்ட்டுக்கு வந்து 'என்னை ஏன் பிடித்தீர்கள்' என்று கேட்கலாம் என ஒன்பது ஹைகோர்ட்டுகள் சொல்லியிருந்தன. சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து பேர் கேட்டார்கள். ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவனைக் கொன்றுவிட்டால்கூடவா வழியில்லை என்று ஹெச்.ஆர். கன்னா கேட்டதற்கு, அவசர நிலை உள்ளவரை இல்லைதான் என்று சர்க்கார் தரப்பில் பதில் வந்தது. நால்வர் அதற்கும் தலையசைத்தார்கள். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். இந்தத் தீர்ப்பு தமது தலைமை நீதிபதிப் பதவியைக் கொண்டுபோய்விடும் என்று ஹரித்துவாரில் கங்கைக் கரையில் தம் சகோதரியிடம் சொன்னதாக அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்படியே போயிற்று, 1977 ஜனவரியில் அவருக்கு அடுத்தவரைத் தலைமை நீதிபதியாக்கினார்கள், கன்னா ராஜினாமாச் செய்தார்.

அந்த நால்வர் தீர்ப்பின் நிழலில் நம் சென்னை மத்தியச் சிறையில் மிசாக் கைதிகள் பட்ட அடியைப் பின்னால் விசாரித்தவர், கம்பனில் தோய்ந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில். கம்பனைப் படித்த கண்ணோடு அந்தச் சாட்சியங்களை அவர் எப்படிப் படித்திருப்பார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

நால்வரில் ஒருவரான பகவதி 2011-ல், தாம் செய்தது தவறு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2017 ஆகஸ்டு 24-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த பெஞ்சு அந்தத் தீர்ப்பைத் துடைத்தெறிந்தது. துடைத்தெறியும் வாசகத்தை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட், நால்வரில் இன்னொருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். கன்னா அதைப் பார்க்கவில்லை, 2008-லேயே காலமாகிவிட்டார். அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் உண்டு. கறுப்பர்களுக்கு ரயிலில் தனிப் பெட்டி வைப்பது சாசனத்துக்குச் சம்மதம்தான் என்று 1896-ல் ஏழு பேர் சொன்னபோது, ஹார்லன் ஒருவர் மறுத்து எழுதினார். பள்ளிக்கூடங்களில் அந்தப் பிரிவினை கூடாதென்று 1954-ல் ஒன்பது பேரும் ஒருமித்துச் சொல்லும்போது, ஹார்லன் இறந்து நாற்பத்திரண்டு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

இந்தக் கதைகளில் என் மனத்தை அதிகம் தொடுவது, தோற்ற அபிப்பிராயத்தைக் கோர்ட்டு என்ன செய்தது என்பதே. கிழித்துப் போடவில்லை. ஜயித்த தீர்ப்போடு சேர்த்துத் தைத்து, அதே முத்திரையின் கீழ், அதே புத்தகத்தில் அச்சிட்டு வைத்தது. 'நாங்கள் முடித்துவிட்டோம், ஆனால் எங்களில் ஒருவர் இது தவறு என்கிறார், அதையும் படித்துக்கொள்ளுங்கள்' என்று தானே சொல்கிற கோர்ட்டு, தீர்ப்பை உண்மை என்று நம்பும்படி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டுப்படச் சொல்கிறது; அவ்வளவுதான். கட்டுப்படுவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணுகிறவன்தான் ஒன்று கோர்ட்டை வெறுப்பான், அல்லது வீட்டை விற்று டில்லிக்குப் போவான்.

இதையெல்லாம் வாத்தியாரிடம் சொன்னேன். "உங்கள் தகப்பனார் பொய் சொன்னதாக யாரும் எழுதவில்லை, ஐயா. காகிதத்தைப் பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டவன் 'தெரியவில்லை' என்றால் எதிரே ஆள் இல்லை என்று அர்த்தமா?"

"அப்போ அந்த முன்சீப் எழுதினதுதான் எங்க வழக்குக்குக் கன்னா எழுதினதுன்னு வச்சுக்கலாம்ங்கிறீங்க" என்றார். முகத்தில் லேசாக வெளிச்சம் தெரிந்தது. நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நியாயம் சொல்லத்தானே கூப்பிட்டார்? ஆகவே மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த இன்னொரு கேள்வியையும் கேட்டுவிட்டேன்.

"தம்பி பிராது கொடுத்ததற்கு முன்னால் உங்களிடம் தண்ணீர் கேட்டாரா?"

வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். கேட்டாராம். ஏரிப் பக்கத்து வாய்க்கால் தூர்ந்துபோய், சுற்றிலும் வீடுகள் வந்து, நஞ்சைக்கு ஏரித் தண்ணீர் எட்டாமல் போன வருஷம். 'இன்னும் ஒரு நாள் முறை கொடு அண்ணா' என்று கேட்டாராம். கூர்ச்சீட்டில் அப்படி இல்லை என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

கூர்ச்சீட்டு உண்மை. பெரியவர் எழுதினபோது அது நியாயமாகவும் இருந்தது. ஏரி இருக்கிறது என்ற ஒரு காரணத்தின் மேல் நின்ற நியாயம் அது. ஏரித் தண்ணீர் நின்றபோது அந்த நியாயத்தின் காலும் போய்விட்டது. மூன்று கோர்ட்டில் ஒன்றுகூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்கும்படி யாரும் பிராது கொடுக்கவில்லை. தம்பி 'பாதி என் உரிமை' என்றார். அண்ணன் 'முக்கால் என் உரிமை' என்றார். 'என் பயிர் காய்கிறது' என்று எழுதுவதற்குக் கோர்ட்டுக் காகிதத்தில் இடமில்லை. டில்லிக்குப் போனாலும் இல்லை. வாஷிங்டனில் ஒன்பது பேரும் சேர்ந்து உட்கார்ந்தாலும் இந்த ஒரு விஷயத்தை அவர்கள் தொடமாட்டார்கள்.

"எங்கப்பா இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பார்?" என்று வாத்தியார் கேட்டார். என்னைக் கேட்டதாகத் தெரியவில்லை.

வெயில் சாய்ந்துவிட்டது. கொல்லைப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. உங்கள் பம்பா என்று கேட்டேன்.

"இல்லே. இன்னைக்கு அவன் முறை" என்றார். அவர் நிலத்து ஓரமாகத்தான் தம்பியின் வாய்க்கால் போகிறது. எட்டிப் பார்த்தார். கரை ஓரிடத்தில் உடைந்து, தண்ணீர் வழிந்து தென்னை மரத்தடியில் வீணாகத் தேங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். இரண்டு வெட்டு மண் போட்டு அணைத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"இன்னும் நாப்பத்தோரு நாள் இருக்கு" என்றார்.

எனக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.